கலர் நோட்டீஸ் விஷயமாக மச்சானுக்கு ஒரு விளக்கம்

சோலைமட்டம் டீ பேக்டரி ஸ்டாப் குவார்ட்டர்ஸ்,
குன்னூர் தாலுக்கா.
7-2-2015, சனிக்கிழமை, பகல் மூன்று மணி.

மரியாதைக்குரிய மச்சான் கணேசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் முனியசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை ஆயம்மாளும் உங்கள் மருமகள் சசிகலாவும் உடம்பளவில் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாகவே இருப்பதாக அறிகிறேன். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் நடுவில் இருக்கிற தேயிலைச் சரிவைத் தாண்டி உங்கள் வீட்டுக் கொடி தெரிகிறது, காலையில் அதில் உங்கள் காக்கிச் சட்டை காய்ந்தது, பத்து மணிக்கு நீங்களே வந்து அதைத் திருப்பிப் போட்டீர்கள், அப்போது என் ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுபடியும் சட்டையைப் பார்த்தீர்கள். ஆகவே பார்வையும் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது.

கூப்பிடு தூரத்தில் இருக்கிறவருக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீங்கள் கேட்கலாம். புதன்கிழமையிலிருந்து உங்கள் போனுக்கு இருபத்திரண்டு தடவை அடித்தேன். முதல் நாள் மணி போனது, எடுக்கவில்லை. மறுநாள் நடுவிலேயே அறுந்தது. நேற்று மணியே போகவில்லை, சசிகலா வாங்கிப் பார்த்துவிட்டு மாமா உங்களை ப்ளாக் பண்ணிவிட்டார் என்றாள். நேரில் வந்தேன். உங்கள் வீட்டில் கதவைத் திறந்து, காபி சாப்பிடுறீங்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள், நான் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆகவே கடிதம். உங்கள் தங்கை கொண்டு வந்து தருவாள். அவளும் நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சசிகலாவிடம் சொல்கிறாள், பக்கத்தில் நிற்கிற எனக்குச் சசிகலா அதைத் திருப்பிச் சொல்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் எழுதி முடித்தால் கொண்டுபோவதாகவும், முடிக்காவிட்டால் நானே தபாலில் போட்டுக்கொள்ள வேண்டியது என்றும் அந்த வழியாகத்தான் தகவல் வந்திருக்கிறது.

விஷயம் ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தாங்கள் யூனியன் செயலாளர் என்ற முறையில் கூட்டியிருக்கிற கேட் மீட்டிங்கைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது கதவடைப்பு நோட்டீஸ் இல்லை. என் கையெழுத்து இருந்தது, ரவுண்டு சீல் இருந்தது, தேதி இருந்தது, எல்லாம் வாஸ்தவம், இருந்தாலும் அது நோட்டீஸ் இல்லை. இதை நம்பி அறுபத்துநாலு பேரும் திங்கட்கிழமை உள்ளே வராமல் கேட்டில் நின்றால், மூடியது நான் இல்லை, அவர்களே நின்றுவிட்டார்கள் என்று முதலாளி நிஜமாகவே பூட்டைப் போட்டுவிடுவார். இலை விலை இப்போது கிடக்கிற கிடையில், குன்னூர் ஏலத்தில் நம் தூளை முகர்ந்து பார்க்கக்கூட ஆள் இல்லாத நேரத்தில், அவருக்கு வேண்டியது ஒரு சாக்கு. அதை நாமே தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் சசிகலாவின் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாள் என்று போன தீபாவளிக்கு நீங்கள் கேட்டீர்கள், எனக்கே தெரியாததால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முறுக்குத் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினேன். இப்போது தெரியும். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்களுக்குத் திரையில் ஒவ்வொரு சொல்லும் அதன் வகைக்கு ஒரு நிறத்தில் தெரியுமாம், கட்டளை நீலம், சொந்த எழுத்து கறுப்பு, இப்படி. அப்போதுதான் தப்பு எங்கே என்று கண்ணுக்கு அகப்படும். அப்படி நிறம் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. நம் கலர் சார்ட்டர் மெஷின் தூளிலிருந்து காம்பைத் தனியாகத் தள்ளுகிறதே, அதை எழுத்துக்குச் செய்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் விலைக்கு விற்பதில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கை போட்டுச் செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம். ஆனால் சரிசெய்ததை உள்ளே விடுவதற்கு ஜூடித் என்று ஓர் அம்மாள் சம்மதிக்க வேண்டும். அவர் எந்த ஊர் என்று சசிகலாவுக்கே தெரியாது. நம் டீ மேக்கர் கையில் எடுத்துத் தூளின் தரம் பார்க்கிற மாதிரி அவர் ஒவ்வொரு வரியையும் பார்ப்பார் என்று மட்டும் தெரியும்.

அந்தச் சாமானில் ஒரு கோளாறு. அச்சடித்த கடுதாசியில் பெயருக்கும் தேதிக்கும் நாம் இடம் விட்டு வைப்போமே, அதைத்தான் இவர்கள் டெம்ப்ளேட் என்கிறார்கள். வெளியில் ஒரு பாஷை ஓடும். இடம் விட்ட இடத்தில் இரட்டை நெளி அடைப்புக்குறி போட்டு, அதற்குள் இன்னொரு பாஷை. நிறம் பிரிக்கிற சாமானுக்கு அந்த அடைப்புக்குள் போகத் தெரிந்ததே ஒழியத் திரும்பி வரத் தெரியவில்லை. ஒரு தடவை உள்ளே நுழைந்தால் கடைசி வரி வரைக்கும் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டுப் போய்விடும். அதிலும் 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று ஒரு நிபந்தனை வந்து, நிபந்தனைக்குள் இன்னொரு பெயரும் வந்துவிட்டால் அதற்குக் கிறுக்கே பிடித்துவிடும். சசிகலாவுக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுத்திருக்கிற கோயம்புத்தூர் கம்பெனியின் கடுதாசிகளெல்லாம் இப்படிச் சிவந்துபோனதால், நீயே சரிபண்ணிக் கொடு என்று அவளிடம் விட்டுவிட்டார்கள். உள்ளே போகும்போது இருந்த இடத்தை ஞாபகம் வைத்து, வேலை முடிந்ததும் அதே இடத்துக்கு வந்து விட்ட நிறத்தைத் தொடர வேண்டும், நாலு மாதமாக அவள் அதற்குத்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு இது உங்கள் பேச்சை நினைத்த பிறகுதான் விளங்கியது மச்சான். கேட்டில் நின்று தமிழில் ஆரம்பிப்பீர்கள், இலை கொண்டு வந்த விவசாயிகள் நிற்பதைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் படுக பாஷைக்குப் போவீர்கள், அங்கே நாலு வார்த்தை சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கே வந்து தமிழில் முடிப்பீர்கள். மனுஷனுக்கு அது சுலபம், மெஷினுக்கு ரொம்பக் கஷ்டம் என்கிறாள் சசிகலா. இதைச் சொல்லி உங்களைத் தாஜா பண்ணுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் பண்ணுகிறேன்தான்.

இப்படி இருக்கும்போது ஜூடித் அம்மாள், இங்கிலீஷ் மாதிரிகளை வைத்துச் சோதித்தது போதாது, வேறு எழுத்துகளிலும் வேண்டும், அதுவும் நிஜமாகப் புழங்குகிற கடுதாசியாக வேண்டும் என்று எழுதிவிட்டார். சசிகலா என்னிடம் வந்து, அப்பா, உங்க பைல்ல இருக்கிற கடுதாசி ரெண்டு மூணு குடுங்க என்றாள். முப்பத்தொரு வருஷமாக ஹெட் கிளார்க்காக இருக்கிறேன் மச்சான். அந்தப் பழுப்பு அட்டை பைலை யாரும் கேட்டதில்லை. லேட்டாக வந்ததற்கு எச்சரிக்கை, காம்போடு வந்த இலையை உள்ளே விட்டதற்கு மெமோ, கம்பளி வழங்கிய ரசீது, மழைக்கோட்டு தொலைத்ததற்கு விளக்கம் கோரல், இரங்கல் கடிதம் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று, எல்லாம் என் கையால் எழுதி, இடம் விட்டு, தட்டச்சு செய்து அடுக்கி வைத்தது. ரெண்டு கேட்டவளுக்குப் பதினேழு கொடுத்தேன். என் சந்தோஷத்தில் அடியில் கிடந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதுதான் கதவடைப்பு நோட்டீஸ். நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால் இன்னின்ன ஷரத்து, இல்லையென்றால் இன்னது, அதற்குள் பெயர், பெயருக்குள் டோக்கன் நம்பர் என்று ஏகச் சிக்கலாக இருந்ததால் அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா, இதை விடக் கஷ்டமான மாதிரி எங்கேயும் கிடைக்காது என்றாள். நாலு நாள் அப்பாவும் மகளும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் ஷரத்தில் சிவப்பு வழியும், அவள் எதையோ மாற்றுவாள், நாலாம் ஷரத்தில் வழியும். கடைசியில் செவ்வாய்க்கிழமை, எந்த எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டுமோ அந்த நிறத்தில், கடைசிப் புள்ளி வரைக்கும் சுத்தமாக நின்றது. ஒரு கதவடைப்பு நோட்டீஸைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் இந்த நீலகிரியில் எங்களைத் தவிர இருக்காது.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குத் திரையில் படித்தால் படித்த மாதிரி இருப்பதில்லை. அன்றைக்கே சாயங்காலம் பஸ் பிடித்துக் குன்னூர் போய், பெட்போர்டு பக்கம் ஒரு கடையில் அதைக் கலரில் அச்சடித்து வாங்கினேன். புதன்கிழமை காலை ஆபீஸில் என் மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் என் கை என்னைக் கெடுத்தது. நிரப்பாத இடத்தைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும், உங்கள் ரேஷன் கார்டு மனுவில் நீங்கள் வேண்டுமென்றே விட்ட இடத்தைக்கூட நிரப்பிக் கொடுத்து உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆலையின் பெயர் என்று சிவப்பில் இருந்ததை அடித்து மேலே சோலைமட்டம் என்று எழுதினேன். தேதி என்று இருந்ததை அடித்து, வாயில் வந்த ஒரு தேதி, மார்ச் ஒன்று என்று எழுதினேன். அப்புறம் உத்தரவுப்படி என்று போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். அப்புறம் ரவுண்டு சீல். யோசித்துச் செய்ததில்லை மச்சான், என் மேசைக்கு வந்த எந்தக் காகிதமும் சீல் வாங்காமல் போனதில்லை, ஒரு தடவை உங்கள் தங்கை கொடுத்த மளிகை லிஸ்ட்டே சீலோடு கடைக்குப் போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஞானசீலன் சார் மணியடித்தார். எழுந்தேன், காகிதத்தைத் தட்டில் போட்டேன், போனேன். வலது கைப் பக்கத் தட்டு பைலுக்கு, இடது கைப் பக்கத் தட்டு நோட்டீஸ் போர்டுக்கு. நான் போட்டது இடது.

மருதாம்பாள்மேல் குற்றமே இல்லை. பதினெட்டு வருஷமாக ஆபீஸ் கூட்டிப் பெருக்கி, இடது தட்டில் இருப்பதை மைதா பசை தடவிப் போர்டில் ஒட்டுகிறவள், அன்றைக்கும் ஒட்டினாள். நான் உள்ளே உட்கார்ந்து, உறைபனியில் இலை கருகிப்போனதைப் பற்றி மேனேஜர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே வெளியில் சத்தம் மாறியது. சாதாரணமாக இலை உருட்டுகிற ரோலர் சத்தத்தில் ஆள் சத்தம் கேட்காது. அன்றைக்கு ஆள் சத்தத்தில் ரோலர் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் போர்டுக்கு முன்னால் ஷிப்டு முழுவதும் நிற்கிறது. கலரில் இருப்பதால் கோர்ட் ஆர்டர்தான் என்று ஒருத்தர் சொல்ல, நெளி அடைப்புக்குறியைக் காட்டி அது வக்கீல் போட்ட அடையாளம் என்று இன்னொருத்தர் சொன்னார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. நம்ம ஆட்களுக்கு நிறம் என்றால் கலர் சார்ட்டர்தானே, ஒரு நிறம் மூட்டைக்குப் போகும், ஒரு நிறம் கழிவுக்குப் போகும். அந்தக் காகிதத்தில் நிரந்தரம் என்ற சொல் அடைப்புக்குள் இருந்ததால் சிவப்பு, தற்காலிகம் என்ற சொல் வெளியில் இருந்ததால் கறுப்பு. அவ்வளவுதான் அதன் அர்த்தம். அவர்கள் படித்ததோ, நிரந்தர ஆட்கள் கழிவு, தற்காலிக ஆட்கள் மூட்டை. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர்கள் கண்ணில் தண்ணி வைத்துக்கொண்டு நிற்க, போன மாசம் சேர்ந்த நாலு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்க, சலிக்கும் ரூம் வாசலில் கைகலப்பு ஆகிவிட்டது. நான் பயந்துபோய் ஓடி அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். கிழித்ததும்தான் எல்லாரும் முழுசாக நம்பினார்கள்.

அப்போதுதான் நீங்கள் ட்ரையர் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். கிழிபடுவதற்கு முன்னாலேயே போனில் படம் பிடித்திருந்தீர்கள். அதை என் மூக்குக்கு நேராக நீட்டினீர்கள்.

"ஏனுங்க மாப்ளை, இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க மச்சான், ஆனா..."

"அப்புறம் ஆனா என்னங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். மாப்ளை என்று மரியாதை குறையாமல் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனீர்கள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பயமே அதுதான். அந்தப் படம் புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ளே கோத்தகிரி வரைக்கும் போயிருச்சு. மூடப்போகிற பேக்டரிக்கு எவன் இலை போடுவான். வியாழக்கிழமை வந்த இலை வண்டி ரெண்டே ரெண்டு. நேத்து ஒண்ணுகூட வரலை, இலையை வாடப்போடுற தொட்டியெல்லாம் வெறுந்தொட்டியாக் கிடந்துச்சு, ட்ரையர் அடுப்பே பத்தவைக்கலை. இந்த முப்பத்தொரு வருஷத்துல உறைபனிக் காலத்துலகூட அந்த அடுப்பு அணைஞ்சு நான் பார்த்ததில்லை, அதுக்குப் பக்கத்துல நீங்க சும்மா உட்கார்ந்திருந்ததையும் பார்த்ததில்லை. பொய் நோட்டீஸ் தன்னைத்தானே நிஜமாக்கிக்கிட்டு வருது மச்சான். இன்னும் நாலு நாள் இப்படியே போனால் யாரும் மூட வேண்டாம், தானே மூடிக்கும். அதனாலதான் திங்கட்கிழமை எல்லாரும் உள்ளே போகணும், புகைபோக்கியில புகை வரணும், எதிர்ப்பக்கத்து விவசாயிங்க அதைப் பார்க்கணும்னு கெஞ்சுறேன்.

சசிகலா வியாழக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் காட்டினாள். நீங்கள் பொறுமையாகப் பார்த்தீர்களாம், சிவப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கூடக் கேட்டீர்களாம், கெட்டிக்காரி என்று தலையில் கை வைத்தீர்களாம். கடைசியில் ஒன்று கேட்டீர்களாம்.

"எல்லாஞ் செரி கண்ணு. உங்கப்பன் பைல்ல இந்தக் கடுதாசி எப்படி வந்துச்சு?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அதையே என்னிடம் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும், அவளிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். 2001இல் விலை விழுந்து, சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு பேக்டரியாகப் பூட்டிக்கொண்டிருந்தபோது பெரிய முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, அந்த நோட்டீஸைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். நாலு காப்பி அடித்தேன். வைத்திரு, எப்போது வேண்டும் என்று சொல்கிறேன் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் மகன் பாலகுமாருக்குக் காதுகுத்து. நான் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது நீங்கள் என் பக்கத்தில் வந்து, அருவங்காட்டு சர்க்கார் வெடிமருந்து பேக்டரிக்கு மனுப் போடலாமென்று இருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள் மாப்ளை என்று கேட்டீர்கள். இங்கே நிலையாக இருக்கும்போது எதுக்கு மச்சான் என்று சொன்னேன். மூன்று மாதம் கழித்து விலை கொஞ்சம் ஏறியது, நோட்டீஸ் வேண்டியிருக்கவில்லை, நானும் மறந்தவன் மாதிரி இருந்துவிட்டேன். மறக்கவில்லை. உத்தியோக ரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். நீங்கள் போனை எடுக்காததற்குக் காரணம் புதன்கிழமை ஒட்டிய காகிதம் இல்லை, இதுதான் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும், அதை அறுபத்துநாலு பேர் பிழைப்போடு சேர்க்க வேண்டாம். இன்று காலை ஞானசீலன் சாரிடம் நேரில் கேட்டேன். மூடுகிற யோசனையே இல்லை என்று பைபிள்மேல் கை வைக்காத குறையாகச் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்றேன், முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதிவிட்டேன், இடம் எதுவும் விடவில்லை, சாயங்காலம் போய்க் கையெழுத்து வாங்கி இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். அதை நீங்களே போர்டில் ஒட்டுங்கள்.

சசிகலாவின் வேலை ஒருவழியாக நேற்றுக் காலை உள்ளே போய்விட்டது. இவ்வளவு ரகளைக்குப் பிறகு அவள் கதவடைப்பு நோட்டீஸை எடுத்துவிட்டு, கம்பளி வழங்கிய ரசீதை மாதிரியாக வைத்து அனுப்பினாள். முந்தினது நல்ல கஷ்டமாக இருந்ததே, ஏன் எடுத்தாய் என்று ஜூடித் அம்மாள் விடவில்லை. இவள் நடந்ததை நாலு பக்கம் எழுதினாள். அதற்கு அவர், கம்பளியே போதும், அப்பாவையும் மாமாவையும் சீக்கிரம் பேசிக்கொள்ளச் சொல் என்று பதில் போட்டுவிட்டுச் சம்மதம் கொடுத்துவிட்டார். அதோடு, உதவி செய்தவர்கள் என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் மாதிரிக் கடிதங்கள் தந்தவர் முனியசாமி என்று போட்டிருக்கிறார்கள். சசிகலா காட்டினாள். இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தேன். இந்த நாலு நாளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ரெண்டு நிமிஷம்தான், அதையும் யாரிடம் போய்ச் சொல்வது என்று பார்த்தால் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

ஆகவே தங்கள் பொன்னான கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்து, திங்கட்கிழமை கூட்டத்தை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டாருக்கு என் வணக்கமும், திருப்பூரில் இருக்கிற பாலகுமாருக்கு என் ஆசியும் சொல்லவும். மாகாளியம்மன் நம் இரண்டு வீட்டுக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மதிப்பை வேண்டும்,
மு. முனியசாமி,
ஹெட் கிளார்க்.

பி.கு. மணி ஆறேகால். உங்கள் தங்கை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அவளை நிற்கச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து வாங்க ஐந்து மணிக்குப் போனேன். ஞானசீலன் சார் நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தைப் படித்தார், நல்லா எழுதியிருக்கீங்க என்றார், இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார், அந்தக் கலர் நோட்டீஸ் உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்குமில்லீங்க, அது நல்லா வகை பிரிச்சு வெச்சிருக்குதாமே, பட்டியலைக் கொடுத்தா ஒவ்வொருத்தர் பேரிலும் தனித்தனியா அச்சாகி வந்துடுமாமே. திங்கட்கிழமை கேட்டில் கூட்டம் கூடியதும் கையில் கொடுக்க வசதியாக இருக்குமாம். முதலாளி முடிவு பண்ணி ஒரு மாசமாச்சு, புதன்கிழமை உங்க காகிதத்தைப் பார்த்தப்போ யாரோ சொல்லிட்டாங்கன்னு நான்தான் பயந்துட்டேன் என்று சிரித்துக்கொண்டே பட்டியலை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து சரிபார்க்க ஆரம்பித்தேன். தங்கள் பெயர் பதினோராவது. அதைக் கண்டதுமே என் கை நின்றுவிட்டது என்று எழுதத்தான் ஆசை. நிற்கவில்லை மச்சான். இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். அறுபத்துநாலில் முடிய வேண்டிய பட்டியல் அறுபத்தேழு வரை போனது. எண்ணிக்கை தப்பு என்று நினைத்துக் கடைசித் தாளைத் திருப்பினேன். ஆபீஸ் என்று தலைப்புப் போட்டு மூன்று பெயர் இருந்தது, வாட்ச்மேன், மருதாம்பாள், நான். அங்கேதான் நின்றேன். என்னால ஆகாதுங்க சார் என்று சொல்லிவிட்டு, பட்டியலைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சசிகலாவிடம் சொன்னேன், அவள் எதையும் அச்சடித்துத் தரப்போவதில்லை. மேலே எட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிற எதையும் நம்ப வேண்டாம், 2001 பற்றி எழுதியதைத் தவிர. கூட்டத்தை நிறுத்தாதீர்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் கேட்டுக்கு வருகிறேன். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லி அனுப்புங்கள். முப்பத்தொரு வருஷமாகக் கேட்டை உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறேன், வெளியில் நின்று எனக்குப் பழக்கமில்லை.